தேறிய ஒரே பலகை

அந்த வீட்டு ஹாலில் நடக்க வேண்டுமென்றால் உடம்பை ஒருக்களித்துக்கொள்ள வேண்டும். வாசற்கதவிலிருந்து சமையலறை வரைக்கும் ஒரு பக்கச் சுவரை மரம் அடைத்துக்கொண்டிருந்தது. பலகை, அதன்மேல் காற்றோட்டத்துக்காக இடம் விட்டு வைத்த குச்சிகள், அதன்மேல் மறுபடி பலகை என்று இடுப்பு உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார் வீட்டுக்காரர். வந்தவர்கள் அதன்மேல்தான் உட்கார்ந்தார்கள். சாவி, போன், கரண்ட் பில், மடிக்காத துணி எல்லாம் அதன்மேல்தான் கிடந்தன. இது என்ன என்று யாராவது வாயைக் கொடுத்துவிட்டால் போதும், அவர் முகம் மலர்ந்துவிடும்.

"மரம் வீட்டுக்குப் பழகிக்கிட்டு இருக்கு" என்பார்.

மரத்துக்கு வீடு பழக வேண்டுமாம். வீட்டில் எவ்வளவு ஈரக்காற்று, எவ்வளவு சூடு என்று அது தெரிந்துகொண்ட பிறகுதான் அதை அறுக்க வேண்டுமாம். அதற்கு முன்னால் கை வைத்தால் கதவு பிற்பாடு திருகிக்கொள்ளுமாம். அவர் மனைவி இதைக் கேட்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்வாள். அவள் இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது பழகிக்கொள்ளட்டும் என்று யாரும் அவளை ஒரு பொழுதுகூடச் சும்மா விடவில்லை. வந்த கையோடு அடுப்படியில் நிறுத்திவிட்டார்கள்.

அவர் தச்சர். அலமாரி, கட்டில், சமையலறைப் பெட்டிகள் எல்லாம் செய்கிறவர். நல்ல வேலைக்காரர் என்று பெயர். கடையில் எந்தப் பலகையைக் கண்டாலும் மடக்கிய விரலால் டொக் டொக்கென்று தட்டிப் பார்க்காமல் தாண்ட மாட்டார் என்பதால் தெருப் பிள்ளைகளுக்கு அவர் 'டொக்டொக் மாமா'. அந்தப் பெயர் அவருக்குக் கொஞ்சம் பெருமைதான். தட்டாமல் வாங்குகிறவன் எல்லாம் தச்சனா என்று அவரே சொல்லியிருக்கிறார்.

அவருடைய கணக்கு எளிமையானது. அலமாரியின் பெட்டிக்கு பிளைவுட், கதவுச் சட்டத்துக்கும் ஓரங்களுக்கும் கெட்டி மரம். அகலமான பெட்டியை முழுக்க மரத்தில் செய்தால் மழைக்காலத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். பிளைவுட் அப்படி ஆடாது. இதைச் சொல்ல அவருக்கு மூச்சு விடும் நேரம் போதும். ஆனால் எந்த பிளைவுட், எந்த மரம் என்று ஆரம்பித்தால் சாப்பாடு ஆறிப்போகும். உள்ளே பொந்து இருக்கக் கூடாது. ஓரத்தில் அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கக் கூடாது. ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்க வேண்டும். மரத்தில் வெள்ளைப் பாகம் இருந்தால் பூச்சி தேடி வரும். முனையில் வெடிப்பு இருந்தால் அது உள்ளே எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்பது அறுத்தால்தான் தெரியும். கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது.

இந்தக் கதைக்கெல்லாம் ஆரம்பம் ஒரு விடுமுறை நாள். காலையில் டீ குடித்துவிட்டு அவருக்கு திடீரென்று உற்சாகம் பொங்கியது. "உனக்குப் புதுசாச் சமையலறை போட்டுக் குடுக்கறேன் பாரு" என்று சுத்தியலை எடுத்தார். மத்தியானத்துக்குள் பழைய அலமாரிகளை எல்லாம் அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்து வெளியே போட்டுவிட்டார். அவளும் சந்தோஷமாகத்தான் இருந்தாள். குக்கர், வாணலி, டப்பாக்கள் எல்லாவற்றையும் தரையில் பேப்பர் விரித்து வரிசையாக அடுக்கினாள். நாலு நாளைக்குத்தானே என்று நினைத்தாள்.

அந்த நாலு நாள் இன்னும் முடியவில்லை. கதவுக்கான மரம் ஹாலில் பழகிக்கொண்டே இருந்தது. பெட்டிக்கான பிளைவுட் அவர் மனதுக்குப் பிடித்த மாதிரி உலகத்தில் இன்னும் யாரும் செய்யவில்லை. பேப்பர் மட்டும் எத்தனையோ தடவை மாற்றியாகிவிட்டது.

இதற்கு நடுவில் அவளுடைய முட்டி தகராறு செய்ய ஆரம்பித்தது. அவள் தையல்காரி. வருஷக்கணக்காகக் காலால் மிதித்த மெஷின். இப்போது மோட்டார் போட்டாகிவிட்டது, ஆனால் தேய்ந்த முட்டி தேய்ந்ததுதான். இனிமேல் தரையில் உட்காரவே கூடாது, குந்தவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அவளுடைய சமையலறையே தரையில்தான் இருக்கிறது என்பதை அவரிடம் எந்த வாயால் சொல்வது? சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள்.

கணவரிடம் சொன்னாள். அவர் உண்மையாகவே பதறிப்போனார், அதில் குறை சொல்ல முடியாது. "அப்படின்னா இனிமே ஏனோதானோன்னு செய்யக் கூடாது. இழுப்பறை எல்லாம் விரல் பட்டாலே வரணும். முதல் தரமான பலகையாப் பார்க்கறேன்" என்றார். அன்றிலிருந்து இன்னும் கவனமாகத் தேட ஆரம்பித்தார். அதாவது இன்னும் மெதுவாக. அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

வேலை கிடைத்து வேறு ஊரில் இருக்கும் மகள் போனில் சொன்னாள்: "அம்மா, ஆன்லைன்ல ஒரு ரெடிமேட் அலமாரி பார்த்தேன். ஆர்டர் போட்டா வீட்டுக்கே வந்துடும்."

ஸ்பீக்கரில் இருந்ததால் அவரும் கேட்டுவிட்டார். "அது மரமே இல்ல. மரத்தூளையும் பசையையும் பிசைஞ்சு காய வச்சது. தண்ணி பட்டா ஊறிப்போய்டும். என் வீட்டுக்குள்ள அது வந்தா நான் வெளிய போய்டறேன்" என்றார். மகள் போனை வைத்துவிட்டாள். வெளியே போனாலாவது நல்லது என்று மனைவிக்குத் தோன்றியது.

பிறகு அந்தப் பகல் வந்தது. அவர் பட்டறைக்குப் போயிருந்தார். பெரிய குக்கர் மூலையில், மாவு டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. காலால் தள்ளிப் பார்த்தாள், வரவில்லை. யார் பார்க்கப் போகிறார்கள் என்று குந்தி எடுத்தாள். எடுத்ததோடு சரி. எழுந்திருக்க முடியவில்லை. முட்டி அப்படியே பூட்டிக்கொண்டது. கையூன்றிப் பார்த்தாள், வலி உச்சந்தலைக்குப் போனது. பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு அலமாரி இல்லை, ஒரு கதவு இல்லை, ஒரு கைப்பிடி இல்லை. எல்லாவற்றையும்தான் பிரித்தாகிவிட்டதே.

ஹாலில் போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. அவள் பேப்பர்மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் கைக்குழந்தை மாதிரித் தவழ்ந்து ஹாலுக்கு வந்தாள். அந்த மர அடுக்கைப் பிடித்து, ஒவ்வொரு பலகையாகக் கை மாற்றி மாற்றி, ஒருவழியாக நின்றாள். அழுகை வந்தது. அதைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது. எழுப்பிவிட்டதே அந்தப் பாழாய்ப்போன மரம்தான் என்பதில் ஆத்திரம் இன்னும் ஏறியது.

"ஏம்மா போனை எடுக்கலை?" என்றாள் மகள்.

"குளிச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

சாயங்காலம் அவர் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே பேச்சு.

"இன்னைக்கு புது லாட் பிளைவுட் வந்திருக்குன்னு கடைக்காரன் போன் பண்ணினான். போய்ப் பார்த்தேன். சரியில்ல."

"என்ன சரியில்ல?"

"நடு அடுக்குல ரெண்டு மரத்தாள் ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருக்கு. லேமினேட் ஒட்டினா அந்த இடத்துல மட்டும் மேடு தெரியும்."

"தெரியட்டும்."

"தெரியட்டுமா?" அவள் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்ட மாதிரி பார்த்தார்.

"அந்த மேட்டை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப் போறேன்? டப்பாவைத்தானே வைக்கப் போறேன்?"

"நீ பார்க்க மாட்ட. நான் பார்ப்பேன். இன்னொருத்தர் வீட்டுல செஞ்சுட்டு வந்தா, செஞ்சோம் வந்தோம்னு போச்சு. இது நான் தினம் பார்த்துக்கிட்டே சாப்பிடணும். ஒரு கோணல் இருந்தா எனக்கு சோறு இறங்காது."

எனக்கு எழுந்திருக்கவே முடியவில்லை என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினாள். சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். பதறுவார். நாளையிலிருந்து நீ அடுப்படிப் பக்கமே வராதே, நானே சமைக்கிறேன் என்பார். சமைத்தும் விடுவார். அதைச் சாப்பிடவும் வேண்டும். பலகை மட்டும் வராது.

"நாளைக்கு நானே போய் வாங்கிட்டு வரேன்" என்றாள்.

"போயேன். ஓரத்தைப் பார்த்து வாங்கு" என்றார் அவர், துளியும் கிண்டல் இல்லாமல். கையில் இருந்த கரண்டியை எறியாமல் இருந்ததற்கு அவளைப் பாராட்ட வேண்டும்.

மறுநாள் தைக்க வேண்டியதை எல்லாம் அப்படியே போட்டுவிட்டு ஆட்டோவில் கடைக்குப் போனாள். நீளமான ஷெட். இரண்டு பக்கமும் பிளைவுட் பலகைகள் புத்தகம் அடுக்கின மாதிரி செங்குத்தாக நின்றன. உள்ளே பசை வாடை. கடைக்காரர் அவர்களை வெகு நாளாகத் தெரிந்தவர், அவள் கணவரை வாய் நிறைய அண்ணன் என்று கூப்பிடுகிறவர். அந்த அண்ணன் கடைக்குள் வருவதைப் பார்த்தால் மட்டும் கொஞ்சம் வாடிப்போவார்.

"வாங்க அண்ணி! அண்ணன் வரலையா?" என்று எட்டிப் பார்த்தார். வரவில்லை என்று தெரிந்ததும் அவருக்கு உயிரே வந்தது.

"தம்பி, ஒரு சமையலறைக்கு வேணுங்கற பிளைவுட் குடுங்க. தண்ணி தாங்கறதா இருந்தா போதும். கண்ணை மூடிக்கிட்டு எடுத்து வண்டியில ஏத்துங்க. நான் எதையும் பார்க்கப் போறதில்ல."

"அப்படிச் சொல்லுங்க அண்ணி! எல்லாரும் உங்களை மாதிரி இருந்தா கடை நடத்தறது எவ்வளவு சுகம்!"

சுமை தூக்குகிற இரண்டு பேர் ஒரு பலகையை உருவி எடுத்து அவளைத் தாண்டிக் கொண்டுபோனார்கள். அவள் சும்மாதான் நின்றாள். கை மட்டும் தானாக நீண்டது. மடக்கிய விரல் பலகையில் பட்டது. டொக். டொக். டொக். டொப்.

"நில்லுங்க" என்றாள்.

அவர்கள் நின்றார்கள்.

டொப் என்ற இடத்தில் மறுபடி தட்டினாள். சந்தேகமே இல்லை, உள்ளே பொந்து. கதவுக் கீல் வருகிற இடமாக அது அமைந்தால் ஸ்க்ரூ எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? குக்கர் வைத்த அலமாரிக் கதவு ஒரு நாள் கையோடு வந்துவிடாதா? "இது வேண்டாம். அடுத்ததைக் காட்டுங்க."

அடுத்தது வந்தது. சத்தம் சீராக இருந்தது. ஓரத்தைப் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம். நடு அடுக்கில் ஒரு தாள் இன்னொன்றின்மேல் ஏறியிருந்தது. மேடு தெரியும். தெரியட்டும் என்று நேற்று அவள்தான் சொன்னாள். நேற்று அது கண்ணில் படாத மேடு. இன்று கண்ணெதிரே நிற்கிறது.

"இன்னொண்ணு பார்க்கலாமே தம்பி."

மூன்றாவதை ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். துணியில் இழை கோணினால் சட்டை திருகிக்கொள்ளும் என்று தெரிந்த கண் அது, அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பலகை நடுவில் லேசாக வளைந்திருந்தது. நாலாவதில் மேல்தாளை இழைக்கும்போது அழுத்தித் தேய்த்ததில் அடியில் இருக்கும் பசை நிறம் தெரிந்தது. அதற்கு அப்புறம் வந்ததில் ஒரு மூலை நசுங்கியிருந்தது. சுமைக்காரர்களில் ஒருவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். இன்னொருவர், "அம்மா, அண்ணன்கூடப் பாதியில டீ குடிக்கப் போவாரு" என்றார்.

கடைக்காரர் முகத்தில் இருந்த சுகமெல்லாம் வடிந்திருந்தது. "அண்ணி, கண்ணை மூடிக்கிட்டுன்னு நீங்கதானே..."

"மூடிக்கிட்டுத்தான் வந்தேன். இங்க வந்தா திறந்துக்குது."

பக்கத்தில் கெட்டி மரம் அடுக்கி வைத்திருந்த இடம். சும்மா ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனாள். நல்ல நிறத்தில் ஒரு பலகை கண்ணை இழுத்தது. ரேகை அழகாக, நேராக ஓடியிருந்தது. ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தாள். கனத்தது. முகர்ந்து பார்த்தாள். பச்சை வாடை.

"இது இன்னும் காயலை" என்றாள்.

சொன்ன பிறகு தன் குரலைத் தானே கேட்டாள். அதே இழுப்பு, அதே உதட்டுப் பிதுக்கல். பலகையைப் பொத்தென்று போட்டுவிட்டு அங்கே கிடந்த ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள். அந்த ஆளோடு இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியதில் என்ன ஒட்டிக்கொண்டிருக்கிறது பார் என்று நினைத்தாள். அவர்மேல் வந்த எரிச்சலை விட மூன்று மடங்கு எரிச்சல் இப்போது தன்மேலேயே வந்தது.

கடைக்காரர் டீ வரவழைத்துக் கொடுத்தார். ஒரு வாய் குடித்ததும் அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"தம்பி, எனக்கு முட்டி போயிடுச்சு. பாத்திரமெல்லாம் தரையில கிடக்கு. நேத்து குக்கரை எடுக்கக் குந்தினவ எழுந்திரிக்க முடியாம ஹால் வரைக்கும் தவழ்ந்து வந்தேன். உங்க அண்ணனுக்கு மேடு தெரியுமாம். சரி, நானே வாங்கிடலாம்னு வந்தா என்னாலயும் முடியல. நான் என்னதான் பண்ணட்டும்?"

கடைக்காரர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "அண்ணனுக்குத் தெரியுமா இது?"

"தெரியாது. சொல்லலை."

"ஒரு நிமிஷம் அண்ணி, ஒரு போன் பண்ணிட்டு வந்துடறேன்" என்று வெளியே போனார். யாரோ வியாபாரிக்கு என்று அவள் நினைத்தாள்.

டீ குடித்த தெம்பில் மறுபடி ஆரம்பித்தாள். பொழுது சாய்கிற நேரத்துக்கு ஒரே ஒரு பலகை தேறியது. தட்டிய இடமெல்லாம் ஒரே சத்தம். ஓரத்தில் அடுக்குகள் கோடு போட்ட மாதிரி இருந்தன. அவளுக்கே பெருமையாக இருந்தது.

"ஒண்ணே ஒண்ணா? ஒரு சமையலறைக்கா?" என்றார் கடைக்காரர்.

"மத்ததெல்லாம் தேறலை. அடுத்த லாட் எப்ப வரும்?"

கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்.

சின்ன லோடு வண்டியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, பின்னால் அந்த ஒற்றைப் பலகையோடு வீட்டுக்கு வந்தாள். தெரு முனை திரும்பியதுமே திக்கென்றது. வீட்டு வாசலில், மதிற்சுவர் ஓரமாக, ஹாலில் இருந்த மரம் முழுவதும் கிடந்தது. அடுக்கி இல்லை, அள்ளி எறிந்த மாதிரி கிடந்தது. குச்சிகள் ஒரு பக்கம், பலகைகள் ஒரு பக்கம், சாயங்கால வெயில் நேராக மேலே அடித்துக்கொண்டிருந்தது. மாதக்கணக்கில் பொத்திப் பொத்திப் பழக்கிய மரம்.

"யாரு இதை வெளிய போட்டது? வெயில்ல விரிஞ்சிடாதா?" என்று கத்திக்கொண்டே இறங்கினாள். காலை ஊன்றும்போது முட்டி வலித்தது. அவளுக்கு அது உறைக்கவே இல்லை.

ஹால் காலியாக இருந்தது. அவ்வளவு பெரிய ஹாலா இது என்று இருந்தது. சமையலறையில் அவள் கணவர் வேர்த்து விறுவிறுத்து நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி, ஆள் உயரத்துக்கு, வழவழவென்று வெள்ளை வெளேரென்று ஒரு அலமாரி. கடையில் ரெடிமேடாக விற்கிற அலமாரி. தரையில் ஒரு பேப்பர்கூட இல்லை. குக்கர், வாணலி, டப்பாக்கள் எல்லாம் அதற்குள், இடுப்புக்கு மேலே, கைக்கு எட்டுகிற உயரத்தில் இருந்தன.

அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் விரல் போய்த் தட்டிவிட்டது. தொப். செத்த சத்தம். மரத்தூளும் பசையும்.

"இதையா வாங்கினீங்க?" என்றாள். "இதையா? தண்ணி பட்டா ஊறிடும்னு சொன்னது நீங்கதானே? இந்தக் குக்கர் கனத்துக்குத் தட்டு வளையாதா? நான் நாக்குத் தள்ளக் கடையில ஒவ்வொண்ணாத் தட்டிட்டு வரேன், நீங்க என்னடான்னா..."

"தவழ்ந்து வந்தியாமே" என்றார் அவர்.

அலமாரிமேல் இருந்த கையை அவள் எடுத்துக்கொண்டாள்.

"கடைக்காரன் சொல்லித் தெரிஞ்சுக்கணுமா நான்? எவனோ பிளைவுட் விக்கறவன் போன் பண்ணி, உங்க வீட்டம்மா தரையில தவழ்ந்தாங்களாம்னு சொல்றான். நேத்து சாயங்காலம் உன் எதிர்ல நின்னு மேடு, தாளுன்னு கதை அளந்துக்கிட்டு இருந்திருக்கேன். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் என்ன மரமா?" கோபப்படுவதாக நினைத்துக்கொண்டு அழுகிற மாதிரி நின்றார்.

"சொன்னா நீங்க சமைக்க வந்துடுவீங்க" என்றாள் அவள், மெதுவாக.

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. "கையில இருந்த வேலையை அப்படியே போட்டுட்டு ஷோரூமுக்குப் போனேன். முன்னால நின்னது எதுவோ அதை வண்டியில ஏத்தச் சொன்னேன். இங்க வந்தா ஹால்ல நுழையலை, மரம் மறிக்குது. தூக்கி வெளிய போட்டேன்."

"தட்டிப் பார்த்தீங்களா?"

"இல்ல."

"ஒரு தடவைகூடவா?"

"கை போகலை" என்றார்.

இந்த மனுஷன், பெண் பார்க்க வந்தபோது உட்காரச் சொன்ன நாற்காலியையே தட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்த மனுஷன், ஒரு பலகையைத் தட்டாமல் வாங்கி வந்திருக்கிறார். இதைவிடப் பெரிதாக அவரால் அவளுக்கு எதையும் செய்துவிட முடியாது. அது அவளுக்குப் புரிந்தது. கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, குனியாமல், வலிக்காமல், கையை நீட்டி குக்கரை எடுத்து அடுப்பில் வைத்தாள்.

"சரி, மரத்தை உள்ள எடுத்து வைங்க. ராத்திரி பனி பட்டா வீணாப் போயிடும்."

"வேண்டாம். நீ நடக்கிற வழி அது. தார்ப்பாய் போட்டு மூடிட்டேன்னா போதும், காலையில பட்டறைக்குக் கொண்டுபோறேன்."

"அங்க பழகினா இந்த வீட்டுக்கு எப்படிப் பழகும்?"

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். வெளியே போனார். தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டு, வண்டிக்காரர் இறக்கி வைத்துவிட்டுப் போயிருந்த ஒற்றைப் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார். காலியான ஹாலில் அதைச் சுவரில் சாய்த்துவைத்தார். நாலு மூலையிலும் தட்டினார். நடுவில் தட்டினார். ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே போனார். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். அவள் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றாள். பரீட்சை எழுதிவிட்டு நிற்கிற மாதிரி இருந்தது. அவளுக்கே வெட்கமாக இருந்தது, ஆனாலும் நகரவில்லை.

"இது ஒண்ணுதான் இருந்துச்சா?" என்றார் அவர்.

அவர் வாயிலிருந்து அதற்குமேல் பாராட்டு வராது. "அடுத்த லாட் வரட்டும்" என்றாள்.

ஹாலில் மேஜையை இழுத்துப் போட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்கள். இடம் தாராளமாக இருந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்து சமையலறையில் அந்த வெள்ளை அலமாரி நன்றாகத் தெரிந்தது. அதன் ஒரு கதவு மேல்பக்கம் லேசாகச் சரிந்து, இரண்டு கதவுக்கும் நடுவில் இருந்த இடைவெளி மேலே குறுகிக் கீழே அகன்று போயிருந்தது. அவர் அதைப் பார்த்தார். அவள் அவர் பார்ப்பதைப் பார்த்தாள். அவர் கை சட்டைப் பையில் இருந்த ஸ்க்ரூடிரைவருக்குப் போனது. போன கை நின்றது. எழுந்து, நாற்காலியையும் தட்டையும் மேஜையின் எதிர்ப்பக்கம் கொண்டுபோய், அலமாரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். சாப்பிட ஆரம்பித்தார்.

அவளும் சாப்பிட்டாள். ஒரு வாய். இரண்டாவது வாய். நிமிர்ந்தால் அந்த இடைவெளி. குனிந்து சாப்பிட்டாலும் அது அங்கேதான் இருக்கிறது என்று தெரிகிறது. மேல் கீலில் அரைச் சுற்று திருகினால் சரியாகிவிடும். அரைச் சுற்று. அதைச் செய்யாமல் ஒருவன் எப்படிக் கடையில் வைத்து விற்கிறான்?

"ஏன் சாப்பிடலை?" என்றார் அவர், நிமிராமல்.

அவள் தட்டைத் தள்ளிவைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அந்த ஸ்க்ரூடிரைவரை இப்படிக் குடுங்க" என்றாள். "எனக்கு சோறு இறங்கலை."